அந்த ஒரு பக்கம் மட்டும்

— மறுபடியும் அதேதான் தம்பி. ‘இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது.

— வெளியேறிட்டுத் திரும்ப உள்ள போய்ப் பார்த்தீங்களாக்கா?

— பார்த்தாச்சு. பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. கம்ப்யூட்டர் பிரிவுல உட்கார்ந்துக்கிட்டு நீயும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்றியே! கம்பெனி சைட்ல மத்த பக்கமெல்லாம் திறக்குது. பாய்லர் ஷிப்ட் பக்கம் மட்டும்தான் முரண்டு பிடிக்குது.

— சரிக்கா, பிரவுசரை மூடித் திறங்க. அவசரம் இல்ல, மெதுவா.

— பக்கத்து சீட்டுக்காரிக்குத் திறந்துச்சே.

— திறந்துச்சா? அவங்க என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்லல. பார்த்தா, ஸ்கிரீனை அணைச்சா, பாத்ரூம் போனவ இன்னும் வரல. அவளுக்கு என்ன கவலையோ.

— ஷிப்ட் பட்டியல்தானே வேணும்? நான் மெயில்ல அனுப்பிடறேன்க்கா.

— பட்டியலை யாருடா கேட்டா! உன்கிட்ட சொல்றதுக்கென்ன. ஊருக்கு வெளிய இருக்கற பிளான்ட்டுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாதில்ல, அதனால எங்க வீட்டுக்காரர் அங்க இருக்கற கம்ப்யூட்டர்லேருந்து அந்தப் பக்கத்துக் கமெண்ட்லதான் எனக்கு எழுதுவாரு. ‘வால்வு எல்லாம் நலம்’னா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். ‘பிரஷர் ஏறிடுச்சு’ன்னு நான் போட்டா எனக்குக் கோவம்.

— தெரியும்க்கா. எங்க பிரிவுல எல்லாருக்கும் தெரியும்.

— அடப்பாவிகளா! படிச்சுட்டுச் சிரிச்சீங்களா?

— சிரிச்சிருக்கோம்.

— நல்லா சிரிங்க. இன்னைக்குக் காலையில சண்டை. உப்புப் பெறாத விஷயம், ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுட்டாரு. வாசல்ல நின்னு ‘போயிட்டு வரேன்’னாரு, நான் திரும்பிக்கூடப் பார்க்கல. இங்க வந்து உட்கார்ந்தா மனசு கேக்கல. ‘பிரஷர் இறங்கிடுச்சு, சாயங்காலம் சீக்கிரம் வாங்க’ன்னு எழுதிட்டேன். என்ன பதில் போட்டாருன்னு பார்க்கப் போனாத்தான் இந்தக் கூத்து.

— ம்.

— நீ உள்ள போக முடியுமில்ல? பார்த்துச் சொல்லேன். படிச்சுட்டாரா?

— அக்கா...

— லைன்ல இருக்கியா?

— இருக்கேன். படிச்சுட்டாருக்கா.

— அப்பாடா! என்ன எழுதினாரு?

— எழுதல. படிச்சுட்டாரு. உங்க மானேஜர் வந்துட்டாரா?

— அவர் எதுக்கு என் சீட்டுக்கு வரப் போறாரு? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்ல... அட, ஆமா, லிப்ட்லேருந்து வராரு. கூட கம்பெனி நர்ஸம்மாவும். இங்க யாருக்கு என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் எழுந்து நிக்கறாங்க? தம்பி, அவங்க என்னைப் பார்த்துதான் வராங்க.

— உட்காருங்கக்கா. போனை வைக்காதீங்க.

— உனக்கு எப்படித் தெரியும் அவர் வருவாருன்னு? அந்தப் பக்கத்துல என்ன கோளாறு? சொல்லுடா!

— கோளாறு எதுவும் இல்லக்கா. நான்தான் உங்களை மட்டும் அந்தப் பக்கத்துலேருந்து எடுத்துட்டேன். பாய்லர் வெடிச்சதுலேருந்து உங்க வீட்டுக்காரர்கூட வேலை செஞ்சவங்க எல்லாரும் அங்கதான் அஞ்சலி எழுதிட்டிருக்காங்க. யாராவது வந்து உங்க கையைப் பிடிச்சுக்கறவரைக்கும் நீங்க அதைப் படிச்சிடக் கூடாதுன்னுதான்க்கா.