கழுத்துக்கு மட்டும் ஐஸ்

நோன்பு பிடித்துக்கொண்டு பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டது இந்த வயதில் என் தவறுதான். கல்முனை ஐஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு உதைபந்தாட்டக்காரர்களுக்கு அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் இறுதி ஆட்டம்.

“நோன்போட முழு மெச்சும் ஓடுவாயா?”

“ஐஸைத் துவாயில சுத்திக் கழுத்துல போட்டா ஓடுவன் மச்சான்.”

“போன மெச்சுல கழுத்துல போட்ட ஐஸைச் சூப்பினாயே!”

“அது மறதி. மறந்தா நோன்பு முறியாது.”

“நாலு தரம் மறந்தாய்.”

“இந்தச் சூட்டுல மூளையும் உருகுது மச்சான்.”

மற்றவன் அவனை வரிசையிலிருந்து வெளியே இழுத்தான்.

“வா, மீன் கடைக்குப் போவம். சூரை மீனுக்குள்ள கிடந்த ஐஸ்தான் உனக்குச் சரி. அதை மறந்தும் வாயில வைக்கமாட்டாய்.”

“ஐயோ, அந்த நாத்தத்தோட ஆர் எனக்குக் கிட்ட வருவான்?”

“ஒருத்தனும் வரமாட்டான். நிண்டு ஆறுதலாக் கோல் அடி.”