பை இருந்தால் ஆள் இருந்ததாகும்

இங்கே தரும் தேநீர் நன்றாக இருக்கிறது, ஆய்வாளர் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்குப் பஞ்சமில்லை என்பதால் காவல் நிலையத்துத் தேநீரில்கூட ஆடை மிதக்கிறது. எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பச்சைத் தேநீர்தான். ராஜபாளையத்து மில் முதலாளிகளின் மனைவிமார் அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடிப்பது காணத்தக்க காட்சியாகும்.

சத்யப்பிரியாவின் பையை ஓட்டுநரிடம் ஏன் உடனே கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கொடுத்திருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார் என்றும் கூறினீர்கள். தாங்கள் கூறியதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் கேட்டதற்கு விடையளிக்க வேண்டுமாயின், வரிசை என்பது யாது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நான் நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கற்றவள். எதையும் முறைப்படி சொன்னால்தான் எனக்கு வரும். என் வாக்கியங்களைப் பேச்சு வழக்குக்கு மாற்றாமல் அவ்வாறே எழுதும்படி அந்தக் காவலரிடம் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.

என் பெயர் செல்லக்கனி. சொந்த ஊர் சுந்தரபாண்டியம். எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாது. ஆகவே பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் களையெடுக்கச் சென்றுவிடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்றதாகப் பொருள். என் குடம் மட்டும் நான் திரும்பி வரும்போது கடைசிக்குப் போயிருக்கும். கேட்டால், பக்கத்து வீட்டு அழகுத்தாய் சிரிப்பாள்.

"ஏட்டி, புருசனும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஒத்தக் கட்டைக்கு என்னத்துக்கு அம்புட்டு அவசரம்?"

நான் கோபப்பட்டதாக நினைவில்லை. அழகுத்தாயின் பித்தளைக் குடத்தில் மறுவாரம் ஓர் ஓட்டை காணப்பட்டது. அது வேறு செய்தி.

பின்னர் ராஜபாளையத்துக்கு வேலைக்கு வந்தேன். தென்காசி சாலையில், இரண்டாம் மாடியில், பிரிஸ்கில்லா அம்மாவின் கைப்பைக் கடை. அவர் வெளிநாட்டில் தோல்வேலை பயின்றவர். ஒரு பையை ஒரே ஆள் கையால் தைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பணம் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் அந்தப் பை கிடைத்துவிடாது. முதலில் அப்பாயின்ட்மென்ட் பெற வேண்டும். குறித்த நாளில் வந்து, பச்சைத் தேநீர் அருந்தி, பையைத் தவிர உலகிலுள்ள அனைத்தையும் பற்றி முதலாளியம்மாவிடம் உரையாட வேண்டும். அவருக்குப் பிடித்துப்போனால் அழைப்பு வரும். அழைப்பு வந்தவர்களும், பைகள் வெளியாகும் நாளில் விடியற்காலையே வந்து கூடத்து நாற்காலிகளில் இடம் பிடிக்க வேண்டும். நாற்காலி வரிசைப்படி உள்ளே அழைப்பார். பைகள் தீர்ந்ததும் கதவு மூடப்படும். மற்றவர்கள் அடுத்த முறை வரலாம்.

கூடத்துக்கு நான் பொறுப்பாளர். தொடக்கத்தில் அங்கே பெரும் சண்டை நடக்கும். ஒருவர் கழிப்பறைக்குச் சென்றால் அடுத்தவர் நகர்ந்து அமர்ந்துவிடுவார். வைரத்தோடு அணிந்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடிப்பதைக் கண்டபோது எனக்கு எங்கள் ஊர்க் குழாயடி நினைவுக்கு வந்தது. ஆகவே முதலாளியம்மாவிடம் ஓர் ஆலோசனை கூறினேன். குடத்துக்குப் பதிலாகக் கைப்பை. வெளியே செல்பவர் தம் பழைய கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் செல்லலாம். அதை எடுத்தால் முறை ரத்து.

"செல்லக்கா, நீங்க வெளிநாட்டுல பொறந்துருக்கணும்" என்று முதலாளியம்மா சிரித்தார். "இத அப்படியே போர்டுல எழுதி மாட்டிருவோம்."

நானே எழுதினேன். பை இருந்தால் ஆள் இருந்ததாகும். பை எழுந்தால் ஆள் எழுந்ததாகும். ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. தாங்கள் கடைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

அதன்பின் கூடம் அமைதியாயிற்று. பெண்மணிகள் பைகளை அமர்த்திவிட்டுக் காபி குடிக்கச் சென்றார்கள். நான் பைகளோடு இருந்தேன். பைகள் நல்ல துணை. மில் முதலாளியின் மனைவி மகாலட்சுமி வாரந்தோறும் எனக்குப் பால்கோவா கொண்டுவருவார். நான் அதை உண்பேன். அவர் நாற்காலியை முன்னே நகர்த்த மாட்டேன்.

"ஆண்டாளப் பாக்கக்கூட இம்புட்டு நேரம் காத்துக் கெடந்ததில்ல, செல்லக்கனி" என்பார். "அவளாவது திரையத் தொறந்தா எல்லாருக்கும் தெரிவா. ஒங்க முதலாளியம்மா ஆளு பாத்துல்ல தொறக்காவ."

சத்யப்பிரியா பால்கோவா எதுவும் கொண்டுவந்ததில்லை. அவருக்குக் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் ஆலை இருந்தது. மழை நாளில் என்னைத் தம் காரில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். அக்கா என்று அழைப்பார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சில் இழுக்கும் மருந்துக் குப்பியை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பார். ஒருமுறை அதை எடுத்துக் காட்டி, "இது இல்லேன்னா செத்த நேரங்கூடத் தாங்க மாட்டேன்க்கா" என்றார். நான் கவனித்துக் கேட்டுக்கொண்டேன்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்காக அவருக்கு அந்தப் பை தேவைப்பட்டது. மதுரைச் சம்பந்தியம்மாளிடம் எங்கள் கடைப் பை ஒன்று இருந்ததாம். "அவிய கையில அது தொங்கும்போது நான் வெறுங்கையோட போயி நின்னா, எம்மக அந்த வீட்டுல காலத்துக்கும் பேச்சு வாங்கணும்" என்று என்னிடம் சொல்லி வருந்தினார். இருமுறை வந்து கிடைக்காமல் திரும்பியிருந்தார். அதில் ஒருமுறை தவறு ஓட்டுநர் மாரீஸ்வரனுடையது. வெயில் படுகிறதே என்று அவருடைய பையை எடுத்துச் சுவரோரம் நிழலில் வைத்துவிட்டார். முறை ரத்தாகிவிட்டது. அன்று மாடிப்படியில் வைத்தே மாரீஸ்வரனுக்குக் கிடைத்த ஏச்சு எனக்கும் கேட்டது. "இனி எந்தலையே போனாலும் அந்தப் பையத் தொடாதலே" என்றார் சத்யப்பிரியா.

தாங்கள் விசாரிக்கும் நாளின் வரிசையைக் கூறுகிறேன். வெளியாகும் பைகள் மூன்று. முதல் நாற்காலி மகாலட்சுமி. இரண்டாவது அவருடைய நாத்தனார். மூன்றாவது சத்யப்பிரியா. நான்காவது நான்.

தாங்கள் நிமிர்ந்து பார்ப்பதால் விளக்குகிறேன். கடையில் பணிபுரிபவரும் வரிசையில் சேரலாம். விலையைச் சம்பளத்தில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வாடிக்கையாளர் அனைவருக்கும் பின்னேதான் எங்கள் நாற்காலி. பலகை மாட்டிய நாள் முதல் ஒவ்வொரு வெளியீட்டிலும் நான் என் துணிப்பையைக் கடைசி நாற்காலியில் வைத்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் நாற்காலி வருமுன்பே பைகள் தீர்ந்துவிடும். யாரும் என்னைப் பின்னே தள்ளவில்லை. அவ்வளவு நியாயமாகவே நான் தோற்றுக்கொண்டிருந்தேன். பை எதற்கு, எங்கே மாட்டிக்கொண்டு போவாய் என்று கேட்பீர்கள். மகாலட்சுமியிடம் யாரும் அவ்வாறு கேட்டதில்லை.

அன்று காலை மகாலட்சுமியும் நாத்தனாரும் சேர்ந்தே உள்ளே அழைக்கப்பட்டார்கள். மங்கலான கண்ணாடிக் கதவு மூடியது. அதன்பின் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. வெளியே பேசுவது உள்ளே கேட்காது. கூடத்தில் சத்யப்பிரியாவும் நானும் மட்டுமே. அவருக்கு இருமல் வந்தது.

"என்னமோ ஆகலக்கா. செத்தக் கீழ போயிக் காத்தாட நின்னுட்டு வாரேன்" என்று எழுந்தார். பைக்குள் கை விடப் போனார்.

பையைத் தொட வேண்டாம் என்று நான் அறிவுரை கூறினேன். அடுத்து அழைக்கப்படுபவர் அவரே. இந்த நேரத்தில் பையை எடுப்பதும் திறப்பதும் ஒன்றுதான் என்று உள்ளே இருப்பவர்கள் வாதிடக்கூடும். மருந்து தேவைப்பட்டால் நானே கீழே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் என் தோளைத் தொட்டார். "நீங்க இருக்கைல எனக்கென்னக்கா" என்றார். பிறகு இறங்கிச் சென்றார்.

சிறிது நேரத்தில் மாரீஸ்வரன் படியேறி ஓடிவந்தார்.

"அக்கா, அம்மா கார்ல மூச்சு முட்டிக் கெடக்காவ. அந்த மருந்து பையிலதான் இருக்காம். சட்டுனு தாங்க."

பையை எடுத்தால் முறை போய்விடும் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். போகட்டுமா, இருக்கட்டுமா என்று அம்மாவிடமே கேட்டு வரச் சொன்னேன்.

"அவியளால பேச முடியலக்கா."

தலையை அசைத்தாலும் போதும் என்றேன். மாரீஸ்வரன் நாற்காலியைப் பார்த்தார். பை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தடுக்கவில்லை, என் கைகள் மடியில் இருந்தன. வேறு எவனாக இருந்தாலும் அதைப் பறித்துக்கொண்டு ஓடியிருப்பான். மாரீஸ்வரன் போன முறை வாங்கிய ஏச்சை நினைத்துக்கொண்டார். "இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று இறங்கி ஓடினார். இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏறினார். திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"தலையும் அசைக்கலக்கா. கண்ணு ஒரு மாதிரிப் போகுது. முற கெடக்கட்டும், குடுங்கக்கா."

இம்முறை நான் மறுக்கவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள். முறையை விட்டுக்கொடுப்பவர் ரத்துச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். சீட்டை எடுத்தேன், பேனா எழுதவில்லை, வேறு பேனா தேடிக் கொடுத்தேன். உரிமையாளருக்காக என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். அவர் அந்தச் சொல்லில் தடுமாறியதால் எழுத்துக் கூட்டி உதவினேன். பிறகு பையை நானே எடுத்து இரு கைகளாலும் கொடுத்தேன்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் உயிர் பிரிந்ததாகப் பின்னர் அறிந்தேன். வருத்தமாக இருந்தது. நல்ல பெண்மணி. மழை நாளில் இனி நான் பேருந்துக்குத்தான் நிற்க வேண்டும்.

தாங்கள் இன்னும் கேட்காத ஒரு வினா இருக்கிறது. விடையை முழுமையாக எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான் என்று எங்கள் ஆசிரியை ஈஸ்வரி சொல்வார். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். சத்யப்பிரியாவுக்கு ஏன் இருமல் வந்தது என்பதே அந்த வினா.

வெள்ளிக்கிழமைதோறும் கடை முழுவதும் சாம்பிராணி போடுவது என் வேலைகளுள் ஒன்று. அந்தப் புகை சத்யப்பிரியாவுக்கு ஆகாது. இதை அவர் முதலாளியம்மாவிடம் சொன்னதால், பைகள் வெளியாகும் நாளையே வெள்ளியிலிருந்து புதனுக்கு மாற்றினார்கள். ஒருவருக்காக ஊர் முறையையே மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். எனக்காக ஒரு நாற்காலியைக்கூட யாரும் மாற்றியதில்லை. அன்றும் புதன்கிழமைதான். மற்ற இருவரும் உள்ளே சென்று கதவு மூடியதும், மூன்றாவது நாற்காலிக்குப் பின்னே, திரைச்சீலையின் மறைவில், தூபக்காலில் கங்கு போட்டு வைத்தேன். ஒரு கைப்பிடி சாம்பிராணி. மல்லிகைத் தெளிப்பானையும் சிறிது அடித்தேன். வாசம் கலந்தால் எது எதுவென்று அவருக்குத் தெரியாது. பிறகு என் இடத்தில் அமர்ந்துகொண்டேன். இவை தவிர நான் எதுவும் செய்யவில்லை. இறங்கிச் சென்றது அவர் கால்கள். பையை விட்டுச் சென்றது அவர் கைகள். கேட்டு வருகிறேன் என்று ஓடியது மாரீஸ்வரன்.

கார் கிளம்பும் ஓசை கேட்ட சற்று நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. மகாலட்சுமியும் நாத்தனாரும் புதுப்பைகளோடு சென்றார்கள். முதலாளியம்மா தலையை நீட்டினார். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது.

"அடுத்து யாருக்கா?"

மூன்றாவது நாற்காலி ரத்து என்று சொல்லிச் சீட்டைக் காட்டினேன். "அடுத்தது நான்தாம்மா" என்றேன்.

"அட, ஒங்களுக்கும் ஒரு நாளு வந்துருச்சே" என்று அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.

தாங்கள் இதைக் கொலை என்று எழுதுவீர்கள் போலிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும், ஆய்வாளர் அம்மா. செல்லக்கனி யாரையும் முந்திச் செல்லவில்லை. தன் முறை வரும்வரை காத்திருந்தாள்.