இரண்டாம் மேட்டில் வடம் பிடித்தவர்களுக்கு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பந்தயக் குழுத் தலைவர் நுகாகா அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தேய்த்தபடி முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பந்தயத்தன்று திடலோரம் பெரிய அண்டாவில் பன்றிக்கறிச் சூப் காய்ச்சி, பாய்ந்து வந்த குளிரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிய தாய்மார்களே! உருளைக்கிழங்கு மண் நகக்கண்ணில் ஒட்டியிருக்க ஓடோடி வந்த உழவர் பெருமக்களே! கதவோரம் கைகட்டி நிற்கும் குதிரை வியாபாரி குதோ அண்ணே! உங்கள் அனைவருக்கும் இந்த ஹிராகா தொமெஸோவின் பணிவான வணக்கம்.

யாரது சிரிப்பது? என் மனைவிதான். "சீக்கிரம் முடிங்க, வீட்ல பேசுற மாதிரியே இழுக்காதீங்க" என்கிறார். அம்மா தாயே, வீட்டில் எனக்கு ஏது மேடை? படித்தது கொஞ்சம், மறந்தது அதிகம். ஆனாலும் நன்றி சொல்லப் பட்டம் வேண்டுமா?

போன ஞாயிறு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஆனால் என் நெஞ்சுக்குள் நடந்ததை யார் பார்த்தீர்கள்? பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை மணலில் இழுத்து இரண்டு மேடு ஏறி இறங்கும் நம் பந்தயத்தில், என் பெட்டைக் குதிரை கோமாகி மூன்று வருடமாக இரண்டாம் மேட்டைத் தாண்டியதில்லை. குட்டியும் ஈனவில்லை. என் கொட்டகையில் இருக்கும் பனிக்காலப் புல் ஒரு குதிரைக்கே போதாது. எனக்கோ இரண்டு குதிரை. இந்த முறையும் தாண்டாவிட்டால் கறிக்குத்தான் என்று நானே முடிவு செய்து, நானே குதோ அண்ணனை அழைத்திருந்தேன். அவர் லாரி திடலோரம் நின்றது.

சறுக்குவண்டியின் மேல் நின்று ஓட்டியவள் என் மகள் மியோகோ. முதல் மேட்டில் கோமாகி முதலாவதாக ஏறினாள். நானும் உங்களோடு வேலிக்கு வெளியே, கூடவே நடந்து கத்திக்கொண்டு வந்தேன். இரண்டாம் மேடு. பாதி ஏறினாள். முன்னங்கால் இரண்டும் மடங்கின. மணலில் மண்டியிட்டாள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து போயின.

"வாரால அடிம்மா! அடி!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கப்பா! அவ மூச்சு திணறுறா!"

"இப்ப எந்திரிக்கலேன்னா அவ கதை முடிஞ்சுது, தெரியும்ல!"

"அடிச்சா இங்கேயே முடிஞ்சிரும்!"

தோழர்களே, இதற்கு என்ன பதில்? அடித்தால் கொடுமை. அடிக்காவிட்டால் லாரி. அவள் உயிரைக் காப்பாற்றவே அவளை அடிக்கச் சொன்னேன் என்றால், அந்த நிலைக்கு அவளைக் கொண்டு வந்தது யார்? குதிரையா? மேடா? மணலா?

மியோகோ கீழே குதித்தாள். கோமாகியை வண்டியோடு பூட்டியிருந்த இணைப்பைக் கழற்றினாள். ஓட்டுபவர் இறங்கினால் தோல்வி என்பது நம் விதி. அவள் நம் பக்கம் திரும்பினாள்.

"அடி அடின்னு கத்துனீங்கல்ல எல்லாரும்? வாங்க, வந்து இழுங்க. என்ன கனம்னு பாத்துட்டு அப்புறம் கத்துங்க!"

தலைவர் அவர்களே! முதலில் தொப்பியைக் கழற்றிவிட்டு வேலியைத் தாண்டியவர் தாங்கள்தான். தாங்கள் தாண்டிய அழகைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன்; வேலியே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்தார்கள் தோழர்கள், பிறகு வந்தார்கள் தாய்மார்கள், கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு! வண்டியில் வடம் கட்டிப் பிடித்தோம். இழுத்தோம். வண்டி அசைந்ததா? அசையவில்லை. நான்தான் அசைந்தேன், சறுக்கி விழுந்ததில் என் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது. "ஹிராகா, குளிர் அடிக்கப் போகுது, மூடுய்யா!" என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்கும் நன்றி.

மூச்சு முட்ட, முதுகு நோக, மணலில் முகம் உரச இழுத்தோம். மேடு ஏறினோம், இறங்கினோம், சறுக்குவண்டியின் பின்முனை முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை விடவில்லை. கோமாகி எழுந்து, மியோகோவின் தோளோடு தோளாக நடந்து, நாம் படும் பாட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்த வடத்தில் எனக்கு அடுத்து இருந்த கைகள் யாருடையவை தெரியுமா? குதோ அண்ணனுடையவை!

பந்தயம் முடிந்ததும் அவரிடம் போனேன். "அண்ணே, ஏத்திரலாமா?" என்றேன்.

"முதுகு பிடிச்சிக்கிச்சுய்யா. இன்னைக்கு முடியாது."

"அப்ப நாளைக்கு?"

"கூப்பிட்டா வருவேன். அது என் பொழப்பு." லாரிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கூப்பிடாத."

நான் கூப்பிடவில்லை.

காட்டைக் கழனியாக்கியவை குதிரைகள் என்று கல் நட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கல்லுக்குக் கேரட் வைத்துக் கைகூப்புகிறோம். கல்லுக்கா பசிக்கிறது? கல்லுக்கா குளிர்கிறது? நான் உத்தமன் அல்ல. குதிரைக்கறி தின்றவன், நாளையும் தின்னக்கூடியவன். பந்தயம் வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. பந்தயம் நின்றால் இந்தக் குதிரைகளை வளர்க்க யார் இருக்கிறார்கள்? நான் கேட்பது இவ்வளவுதான். மண்டியிட்ட குதிரையை அடிக்காதிருப்போம். அதை அவிழ்த்துவிட இறங்கும் ஓட்டுநரைத் தோற்றவர் என்று எழுதாதிருப்போம். நமக்காக இழுத்த குதிரைக்கு, நாம் எல்லோரும் சேர்ந்து புல் போடுவோம்! வடத்தைப் பிடித்த ஒவ்வொரு வீடும் ஒரு கட்டு தந்தால் கோமாகி வசந்தத்தைப் பார்ப்பாள். சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்!

தலைவர் தூக்கிவிட்டார். தாய்மார்கள் தூக்கிவிட்டார்கள். என் மனைவி இரண்டு கையையும் தூக்குகிறார். அம்மா, நம் வீட்டில் புல் இல்லாமல்தானே கேட்கிறேன்! கதவோரம்... குதோ அண்ணே, நீங்களுமா? என்ன? பாதிக் கட்டுதானா?

பாதிக் கட்டுக்கும் முழு நன்றி, அண்ணே! உங்கள் எல்லோர் முன்னும், பேசத் தெரியாத கோமாகிக்காக, பேசத் தெரிந்ததாய் நினைத்துக்கொண்டிருக்கும் நான் இடுப்பு வளைத்துத் தலை தாழ்த்துகிறேன். வணக்கம்.