கழிவு விலையில் ஒரு பட்டு

பலீல்: ...கொஞ்சம் தள்ளி ஒக்காரு அழகையா. வாங்கு நீட்டுக்கும் நீ ஒருத்தன்தானா?

அழகையா: உக்காருங்க மொதலாளி. ஆனா ஆளுங்க பாக்குறாங்க. வழக்குப் போட்டவரும் வழக்குல மாட்டுனவனும் ஒரே பெஞ்சுல...

பலீல்: பாத்தா பாக்கட்டும். பதுளைக் கோர்ட்டுல எனக்குண்டு தனியா வாங்கு போட்டா ஈக்கி? ...அந்த வெள்ளைப் பொப்ளின் கட்ட எங்க வெச்ச?

அழகையா: மேல் தட்டுல. பாவாடத் துணிக்குப் பின்னால.

பலீல்: தேடித் தேடிக் களைச்சிட்டன். ஒண்ட எடத்துக்கு ஒருத்தன வெச்சன், அவனுக்குப் பொப்ளினும் தெரியா, சீத்தையும் தெரியா.

அழகையா: என்னைப் பொலிஸ்ல குடுக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

பலீல்: வாய் மட்டும் கொறயல்ல ஒனக்கு. கடையில நிக்கிற ஆக்களுக்குக் கழிவு வெலைல, கொறச்சுத் துணி தாறது எதுக்கு? அவங்கட வீட்டாக்கள் உடுக்க. தெமோதரைத் தோட்டம் முழுக்க உடுக்க இல்ல.

அழகையா: சொந்தக்காரங்களுக்கு எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க.

பலீல்: சொன்னன். ஒரு தீவாளிக்கு எத்தன மாமிடா ஒனக்கு?

அழகையா: தோட்டத்து லயத்துல பொறந்தவனுக்கு மாமிக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக் காம்பராவுல பெரியாயி இருக்கு. அது எங்கம்மாவ மதினின்னு கூப்பிடும். அப்ப எனக்கு அது என்ன மொறங்க?

பலீல்: அதெல்லாம் வாயால கூப்பிடுற மொற.

அழகையா: எங்களுக்கு அதுக்கு மேல வேற மொற கெடையாது. கல்யாணம்னா சோறாக்குறதும் அவங்கதான். செத்தா தூக்கிட்டுப் போறதும் அவங்கதான்.

பலீல்: இத அப்படியே நீதவானுக்குச் சொல்லு. சிரிப்பாரு.

அழகையா: சிரிச்சா நல்லதுதானே.

பலீல்: சிரிச்சிட்டு மறியல்ல அடைச்சு வெப்பாரு. இதுக்குப் பேரு நம்பிக்கை மோசடி. வேலைக்கு நிக்கிறவன் செஞ்சா சாதாரண களவ விடப் பெருசுண்டு எண்ட லோயர் சொல்றாரு. மறியல் கண்டு வந்தவன இந்தக் கடைத்தெருவுல எவனும் ஏத்த மாட்டான்.

அழகையா: ...தெரியுங்க.

பலீல்: பயமில்லையா ஒனக்கு?

அழகையா: பயமில்லாமயா? எம் பொஞ்சாதி பாக்கியலெட்சுமி புள்ளையத் தூக்கிக்கிட்டு நமுனுகுலைக்கு, அவ அப்பா வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறா.

பலீல்: ம்... சீத்தை, பாவாடத் துணி, அதெல்லாம் விடு. நான் பொலிசுக்குப் போனது அதுக்கில்ல.

அழகையா: அந்தப் பட்டுச் சேலைக்கு.

பலீல்: பட்டுக்குத்தான். மயில்கழுத்து நெறம். இந்தியாவுல இருந்து வந்த கட்டுல அந்த மாதிரி ஒண்டுதான் இருந்திச்சி. அதையும் கழிவுக்குச் சுத்துற. யாருக்குண்டு கேட்டா, தங்கச்சிக்குண்டு சொன்ன. ஒனக்கு ஏது தங்கச்சி?

அழகையா: இருக்குன்னு வச்சுக்குங்க.

பலீல்: லயத்துத் தங்கச்சியா? மயில்கழுத்துப் பட்டு உடுத்திக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போறாளா?

அழகையா: அதக் கேக்காதீங்க.

பலீல்: சொல்லுடா.

அழகையா: சொல்ல மாட்டேங்க.

பலீல்: பொலிஸ்ல அடிச்சாங்களா?

அழகையா: ராலஹாமி கன்னத்துல ரெண்டு வச்சாரு.

பலீல்: அப்பயும் சொல்லல்லையா?

அழகையா: வாக்குக் குடுத்திருக்கேன் மொதலாளி.

பலீல்: ...இப்ப கூண்டுல ஏத்தி, சத்தியம் வாங்கிக் கேட்டா?

அழகையா: அப்பயும் அந்தப் பேரு எவ் வாயில வராது.

பலீல்: மறியலுக்குப் போனாலும்?

அழகையா: போனாலும்.

பலீல்: ...நல்லது.

அழகையா: என்னங்க?

பலீல்: நல்லதுண்டன். கிட்ட வா, மெதுவாப் பேசு. அந்தப் பேரு எனக்குத் தெரியும்.

அழகையா: ...எப்ப தெரிஞ்சதுங்க?

பலீல்: பொலிசுல எழுதிக் குடுத்த பொறகு. பண்டாரவளையில காமில் ஹாஜியார் வீட்டுக் கல்யாணம். பொம்பளையள் பக்கத்தில இருந்து ஒருத்தி எறங்கி வாரா. மொதல்ல கரையத்தான் பாத்தன், எண்ட கடைப் பட்டு. பொறகு மொகத்தப் பாத்தன்... எண்ட பொஞ்சாதி ஸுபைரா.

அழகையா: அவங்களுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்.

பலீல்: இருந்திச்சி. அதுதான் இன்னும் வயித்தெரிச்சல்.

அழகையா: கோவிச்சுக்காதீங்க. கடைத் துணி சும்மா வீட்டுக்குப் போனா பரக்கத் போயிரும், கடை விருத்தியாகாதுன்னு, கட்டுன பொஞ்சாதிக்கிட்டயே முழு வெல வாங்குறீங்க. பாவம், சமையல் செலவுல மிச்சம் புடிச்சு வந்தாங்க. என்னைய அண்ணனா நெனச்சு 'நானா'ன்னு கூப்பிட்டாங்க. அப்ப எனக்குத் தங்கச்சிதானே?

பலீல்: எண்ட வீட்டுக்குள்ளயும் ஒண்ட லயத்து மொறையக் கொண்டு வந்திட்ட.

அழகையா: நீங்க கேசத் திருப்பி வாங்கிடலாமே.

பலீல்: வாங்கினா ஏன், எதுக்குண்டு கேப்பாங்க. சேலைய வாங்கின ஆளும் களவுக்கு உடந்தைண்டு லோயர் சொல்றாரு. நான் போட்ட வழக்குல எண்ட பொஞ்சாதியே கூண்டுல ஏறணும். பலீல் முதலாளிட பொஞ்சாதி, புருஷன்ட கடையில வேலைக்காரன்ட கழிவுல சேல எடுத்தாளாம்... இந்தப் பேச்சு வெலிமடைச் சந்தை வரைக்கும் போகும். எனக்குப் பொறகு கடையில ஒக்கார மொகம் ஈக்காது.

அழகையா: அப்ப நான் என்ன செய்யணும்?

பலீல்: குத்தத்த ஒத்துக்கோ, யாருக்குண்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மொதல் தடவை, தண்டம் அடிச்சு விட்டுருவாரு. தண்டத்த நான் கட்டுறன். நாளைக்கே கடைக்கு வா. மாமிமாருக்கெல்லாம் கழிவுல குடு, நான் ஏனெண்டு கேக்க மாட்டன்.

அழகையா: பெரியாயிக்குமா?

பலீல்: பெரியாயிக்கும். ஸுபைராவுக்கு மட்டும், எனக்குத் தெரியும்ங்கிறது தெரியக் கூடாது. ...என்ன, ஒத்துக்கிறியா? பேரக் கூப்பிடப் போறாங்க.

அழகையா: எனக்கு ஒண்ணுமில்ல மொதலாளி, இப்பவே ஒத்துக்குவேன். ஆனா எவ் வாயில வராதுன்னுதான் சொன்னேன்... அந்தக் கடைசித் தூணுக்குப் பக்கத்துல, முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டு ஒருத்தவங்க நிக்கிறாங்க பாருங்க. எனக்கு லோயர் புடிச்சுக் குடுத்ததே அவங்கதான். எவ்வளவோ தடுத்துப் பாத்துட்டேன். 'நீங்க ஒத்துக்கிட்டாலும் நான் எந்திரிச்சுச் சொல்லுவேன் நானா, அந்த மனுசன் ஊரறிய ஒருக்கா வெக்கப்படணும்'னு சொல்லிட்டாங்க.