உள்ளங்கைச் சீனி

கலாராணி: கைய விரிண்ணே.

ரமேஸ்: எதுக்கு?

கலாராணி: விரின்னா விரி.

ரமேஸ்: வந்ததும் வராததுமா... செருப்பக்கூடக் கழட்டல. சீதா, ஒன் நாத்தனா வந்திருக்கா பாரு, பொலிஸ்காரி மாதிரி!

கலாராணி: கோப்பை புடிச்சிருக்கிற கை இல்ல, மத்த கை. ம்... இது என்ன?

ரமேஸ்: சீனி.

கலாராணி: கால் வெரல வெட்டி இன்னும் கட்டுக்கூடக் காயல. சீனி வருத்தக்காரன் உள்ளங்கையில சீனிய வச்சு நக்கி நக்கித் தேத்தண்ணி குடிக்கிற!

ரமேஸ்: தேத்தண்ணிக்குள்ள போடலயே. இது வெறுந்தேத்தண்ணிதான்.

கலாராணி: அதத்தான்! அதத்தான்ணே பேச வந்தேன்! இந்த ஒரு பேச்சாலதான் எல்லாம் நாசமாப் போச்சு!

சீதா: கத்தாத கலா. இது லயம். நாம மூச்சு விட்டாலே பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். மொதல்ல உக்காரு. பஸ்ஸுலயா வந்த?

கலாராணி: வத்தேகம மட்டும் பஸ்ஸு. அங்கயிருந்து ஆட்டோ.

சீதா: இரு, தேத்தண்ணி ஊத்துறேன். ஒனக்கு உள்ளுக்கே சீனி போட்டுக் கலக்கித் தர்றேன். நீ இப்ப குண்டசாலை டவுன்காரியாச்சே.

கலாராணி: வெளையாடாதீங்க அண்ணி. நேத்து கூட்டம் முடிஞ்சிருச்சு.

சீதா: என்ன கூட்டம்?

கலாராணி: எங்க ஆராய்ச்சி ஒபிஸ் கூட்டம். கண்டியில ஒரு ஹோட்டல்ல வச்சாங்க. போன வருசம் வீடு வீடா வந்து கேட்டோம்ல... என்ன சாப்புடுறீங்க, எவ்வளவு உப்பு, எவ்வளவு சீனின்னு. அதோட முடிவச் சொன்னாங்க.

ரமேஸ்: நம்ம தோட்டத்தப் பத்தியுமா?

கலாராணி: பெரிய படமாப் போட்டுக் காட்டுனாங்க. சீனி கூடுன ஊரெல்லாம் செவப்பு. குண்டசாலை செவப்பு. நாவலப்பிட்டி டவுனு செவப்பு. பன்வில பக்கம் நம்ம தோட்டம் மட்டும்... பச்சை.

ரமேஸ்: பச்சைன்னா நல்லதுதானே?

கலாராணி: பச்சைன்னா இங்க சீனியே தொடுறதில்லன்னு அர்த்தம்! வெளிநாட்டுல இருந்து வந்த பெரிய டொக்டர் எந்திரிச்சு, "இந்தத் தோட்டத்து மக்கள் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதே இல்ல, எவ்வளவு நல்ல பழக்கம்"னு சொல்றாரு. மத்தவங்க கை தட்டுறாங்க. எங்க ஆராய்ச்சி நடக்குற மத்த நாட்டுக்கெல்லாம் நம்ம ஆளுங்கதான் பாடமாம்.

ரமேஸ்: ஆத்தாடி... நாமளா?

கலாராணி: சிரிக்காத!

ரமேஸ்: சிரிக்காம என்ன செய்ய? ஒரு வெரல ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்து குந்தியிருக்கேன். ஒலகத்துக்கே நான் பாடம்னா...

சீதா: நீங்க சும்மா இருங்க. கலா, பச்சையோ செவப்போ, அது அவங்க பூசுற சாயம். அதுக்கு நீ ஏன் இந்தக் கொதி கொதிக்கிற?

கலாராணி: கிளினிக் அண்ணி! கிளினிக்!

சீதா: எது... நீ சொன்னியே, ரத்தம் பாக்க, கண்ணு பாக்க, காலுப் புண்ணு கழுவ எல்லாம் தோட்டத்துக்கே வரும்னு... அதா?

கலாராணி: அதேதான். செவப்பு ஊருக்கு மட்டுந்தான் குடுக்கிறாங்க. இங்க வராது.

சீதா: வராதா?

கலாராணி: வராது.

சீதா: வராதுன்னா... அது எப்பிடி வராம இருக்கும்? இந்த லயத்துல மட்டும் எத்தன வீட்டுல சீனிக்கு மாத்திர திங்கிறாங்க? மேல் லயத்து ஜெயமேரிக்குக் கண்ணு மங்கிப் போயிக் கொழுந்து எது, முத்தல் எதுன்னு தெரியல. அவங்க யாரையாச்சும் புடிச்சு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா?

கலாராணி: ரத்தம் எடுக்கிறது ரெண்டாவது கட்டம். மொதல்ல கேள்வி. கேள்வியில செவப்பா வந்தாத்தான் ரத்தம் எடுக்க வருவாங்க. நோய் முத்துன பொறகு மருந்து குடுக்கிற திட்டம் இல்ல இது, முத்துறதுக்கு முன்னாடியே தடுக்கிற திட்டம். எங்க ஆபத்து கூடவோ அங்கதான் காசு போகும்.

சீதா: அப்ப எங்களுக்கு ஆபத்து இல்ல.

கலாராணி: காகிதத்துல இல்ல! ஏன் இல்ல? ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, இந்தத் தோட்டத்துல நாங்க கேட்ட அத்தன பொம்பளைகளும் சீனி இல்ல, சீனி இல்ல, சீனி இல்லன்னு சொன்னா காகிதம் வேற என்னத்தச் சொல்லும்?

சீதா: ஓ... அப்ப குத்தம் எங்க மேல.

கலாராணி: பின்ன யாரு மேல? வாயத் தொறந்து ஒருத்தியாவது, "உள்ளுக்குப் போடுறதில்ல, கையில வச்சு நக்குறோம்"னு சொன்னீங்களா?

சீதா: நீ என்ன கேட்ட? அதச் சொல்லு மொதல்ல.

கலாராணி: என்ன கேட்டேன்... "ஒரு கோப்பைத் தேநீரில் எத்தனை கரண்டி சீனி சேர்த்துக்கொள்வீர்கள்?"

சீதா: சேக்கிறதில்லன்னேன். பொய்யா?

கலாராணி: பொய் இல்ல. ஆனா...

சீதா: கோப்பைக்குள்ள கரண்டி போட்டு நான் கலக்கி நீ பாத்திருக்கியா? இந்த வீட்டுல கரண்டின்னா அது கொழம்புக்கு.

கலாராணி: அண்ணி, ஒரு நாளைக்கு எத்தன தடவ தேத்தண்ணி குடிக்கிறீங்க! மலையில கொழுந்து பறிக்கையிலயும் நின்னுக்கிட்டே குடிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை நெறைய சீனி. கலக்கிக் குடிக்கிற டவுன் ஆள விட நீங்க திங்கிறது கூட. அது ஒங்களுக்கே தெரியும்.

சீதா: தெரியும். கேட்டா சொல்லியிருப்போம். "கையில சீனி வச்சுக்குவீங்களா"ன்னு ஏன் கேக்கல?

கலாராணி: கேக்க முடியாது! அந்தக் கேள்விய எழுதுனது எங்கயோ வெளிநாட்டுல. கொழும்புல தமிழாக்குனாங்க. எல்லா நாட்டுலயும் ஒரே கேள்வி. ஒரு சொல்லு கூட்டக் கூடாது, ஒரு சொல்லு கொறைக்கக் கூடாது. அப்பத்தான் ஒரு நாட்டோட இன்னொரு நாட்ட ஒப்பிடலாம்.

ரமேஸ்: கேள்வி எழுதுனவருக்கு உள்ளங்கை இல்ல போல.

கலாராணி: அண்ணே!

ரமேஸ்: இல்ல, கேட்டேன். இருந்தா தெரிஞ்சிருக்குமே.

சீதா: அவருக்குத் தெரியாது, விடுங்க. அவரு எங்கயோ இருக்காரு. இவளுக்குமா தெரியாது? கலா, நீ இந்த லயத்துக் காம்பராவுல பொறந்தவதானே? பள்ளிக்கூடம் போறப்ப ஒரு கையில புத்தகம், ஒரு கையில சீனின்னு நக்கிக்கிட்டே ஓடுவியாம். ஒங்கண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

கலாராணி: தெரிஞ்சத எழுதக் கூடாது அண்ணி. அவங்க சொன்னதத்தான் எழுதணும். அதுதான் முறை. எனக்குப் பழக்குனதே அப்பிடித்தான்.

சீதா: நல்ல முறை. கண்ணு முன்னாடி வீடு எரிஞ்சாலும் வீட்டுக்காரன் சொன்னாத்தான் எழுதுவ.

கலாராணி: நான் என்ன செய்யட்டும்? முறைய மீறுனா மொத்தக் கணக்கையும் குப்பையில போடுவாங்க!

சீதா: சரி. அது போன வருசம். நேத்து? படத்துல பச்சையப் பாத்த. அந்த ஆளு எந்திரிச்சுப் பேசுனதக் கேட்ட. அப்ப எந்திரிச்சு, "ஐயா, அது அப்பிடி இல்ல"ன்னு ஒரு வார்த்த சொன்னியா? அதுக்கும் சட்டம் இருக்கா?

கலாராணி: சட்டம் இல்ல, ஆனா...

சீதா: சொல்லு.

கலாராணி: நான் அங்க சின்ன ஆளு அண்ணி. பின்னுக்குக் கதிரையில உக்காந்திருந்தேன்.

சீதா: பின் கதிரையில உக்காந்தா பேச்சு வராதா? எங்கிட்ட மட்டும் நல்லா வருது. வாசல்ல கால் வச்சதுலயிருந்து கத்துற.

ரமேஸ்: சரி சரி... ரெண்டு பேரும் விடுங்க. வராத கிளினிக்குக்குச் சண்ட போட்டு என்ன ஆகப் போகுது? இவ்வளவு காலம் கண்டி ஆஸ்பத்திரிக்குத்தானே போனோம். இனியும் போவோம்.

சீதா: எப்பிடிப் போவீங்க? ஒத்தக் கால்ல தத்தித் தத்தியா?

ரமேஸ்: சீதா...

கலாராணி: என்ன? எதுக்கு அண்ணிய மொறைக்கிற?

ரமேஸ்: ஒண்ணுமில்ல.

சீதா: ஒண்ணுமில்லையா? சொல்லுறேன். சொல்லத்தான் போறேன். நேத்து கட்டு மாத்தையில பாத்தேன் கலா. பக்கத்து வெரலும் கறுத்திருக்கு.

கலாராணி: என்னது?

ரமேஸ்: அவகிட்டச் சொல்லாதன்னு சொன்னேன்ல!

கலாராணி: காலக் காட்டு.

ரமேஸ்: போ அங்கிட்டு.

கலாராணி: காட்டுண்ணே! ஐயோ... அண்ணே, இது... இதோட நேத்திலயிருந்து வீட்டுல உக்காந்திருக்கியா? இப்பவே கெளம்பு. ஆட்டோ இன்னும் கீழ நிக்கும்.

ரமேஸ்: திங்கக்கெழம வரச் சொல்லி ஆஸ்பத்திரியில துண்டு எழுதிக் குடுத்திருக்காங்க.

கலாராணி: திங்கக்கெழம வரைக்கும் அந்தக் கறுப்பு காத்துக்கிட்டு நிக்குமா? இதுக்குத்தான்ணே அந்தக் கிளினிக்! இதுக்குத்தான்! வாரா வாரம் ஒரு நர்ஸு வந்து காலப் பாத்தா வெரல் போற அளவுக்கு வராது. இப்ப மத்ததும்... ச்சே! வர இருந்த நர்ஸும் ஒரு கை சீனிய மறைச்சதுல வராமப் போச்சு!

சீதா: மறைச்சோம்ங்கிற.

கலாராணி: ஆமா, மறைச்சீங்க! வேற என்ன சொல்ல? கேளுங்க அண்ணி, இன்னும் வழி இருக்கு. அறிக்கை வெள்ளிக்கெழமதான் வெளிநாட்டுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி நீங்களும் இன்னும் ரெண்டு மூணு பேரும் எங்க ஒபிஸுக்கு வரணும். எங்க பெரிய மெடத்தப் பாத்து, "எங்களுக்குக் கேள்வி வெளங்கல, தப்பாச் சொல்லிட்டோம்"னு சொன்னாப் போதும். மெடம் நல்லவங்க. திரும்பக் கேக்கச் சொல்லுவாங்க.

சீதா: வெளங்கல.

கலாராணி: ஆமா. வெளங்கலன்னு.

சீதா: நாங்க பஸ் ஏறி வந்து, நாங்க மடச்சிங்கன்னு சொல்லணும்.

கலாராணி: அப்பிடி இல்ல அண்ணி...

சீதா: வேற எப்பிடி? கேட்டவளுக்கு வெளங்கும். எழுதுனவளுக்கு வெளங்கும். பதில் சொன்ன எங்களுக்கு மட்டும் வெளங்காது. அப்பிடித்தானே?

கலாராணி: அண்ணனோட காலுக்காக அண்ணி. நாளைக்கு ஒங்களுக்கும் வரும், புள்ளைகளுக்கும் வரும். கோவத்த அப்புறம் வச்சுக்குவோம். வருவீங்களா, மாட்டீங்களா?

சீதா: நீயே போயிச் சொன்னா என்ன? "எனக்குத் தெரியும் மெடம், அங்க கையில வச்சுத்தான் நக்குவாங்க"ன்னு. ஒரு நிமிசத்துல முடியிற வேல.

கலாராணி: ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க.

சீதா: கேக்கட்டுமே.

கலாராணி: அது... சொந்தக்காரங்க வீட்டுல போயிக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்கு அண்ணி. தெரிஞ்சா என் வேல போயிரும். அதனால... ஒபிஸுக்கு வந்தா, என்னயத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்க வேணாம். அது மட்டும்.

ரமேஸ்: சீதா, வேணாம். போதும்.

சீதா: எது போதும்?

ரமேஸ்: புள்ள அழுற மாதிரி இருக்கு. அதச் சொல்லாத. அன்னைக்கே பேசி முடிச்சது.

கலாராணி: எத? அண்ணே, என்ன பேசி முடிச்சீங்க? அண்ணி... எதச் சொல்லக் கூடாதுங்கிறாரு?

சீதா: ஒன்னயத் தடுக்கிறது சட்டம் இல்ல கலா, வெக்கம். போன வருசம் கேள்வி கேக்க அந்த வெளிநாட்டு டொக்டரோட வந்து, மேல் வீட்டு வேலாயி அக்காகிட்ட, ஒன்னய இடுப்புல தூக்கி வளத்த பொம்பளகிட்ட, "உங்க பேரு என்னம்மா"ன்னு கேட்ட. அக்கா ஒரு நிமிசம் ஒன் மூஞ்சியப் பாத்துட்டுப் பேரச் சொல்லுச்சு. ஒடனே பின் கதவால ஆள் அனுப்புச்சு, "பாப்பாவுக்கு நம்மளத் தெரியாது போல இருக்கு, யாரும் தெரிஞ்ச மாதிரிக் காட்டாதீங்க, சீனி டப்பாவ எடுத்து ஒளிங்க, நாம கையில நக்குறத அந்தத் தொர பாத்தாப் புள்ளைக்குத்தான் அசிங்கம்"னு. நான் செவத்துல இருந்த ஒன் படத்தக் கழட்டி அரிசிப் பெட்டிக்குள்ள வச்சேன். நீ இந்த வீட்டுக்குள்ள வந்து, ஒங்கண்ணன் படியில உக்காந்திருக்கையில, "வீட்டுக்காரர் என்ன தொழில் செய்யிறாரு"ன்னு எங்கிட்டக் கேட்ட. அவரு தலையக் குனிஞ்சவரு நீ போற மட்டும் நிமிரல. அன்னைக்கு இந்த லயத்துல ஒருத்தரும் சீனி தொடல, எல்லாரும் கசக்கக் கசக்கக் குடிச்சோம், ஒனக்காக. எங்களுக்குக் கேள்வியும் வெளங்குச்சு, நீயும் வெளங்குன. இப்ப ஆட்டோவ நிப்பாட்டு, ஒங்கண்ணன ஆஸ்பத்திரியில சேத்துட்டு நேரா ஒன் ஒபிஸுக்கே வர்றேன், வேலாயி அக்காவயும் கூட்டிக்கிட்டு வர்றேன்... ஆனா அந்த மெடத்துக்கு முன்னாடி நீ என்னய அண்ணின்னு கூப்புடுவியா, இல்ல திரும்பவும் பேரு கேப்பியா? அத இப்பவே சொல்லு.