வடக்கிலிருந்து வரும் விமானம்

ஹிலால்: இல்லை சிசெல். அந்தப் பேரு ஒப்பந்தத்துல இருக்கிற வரைக்கும் எங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூட பேனா மூடியைத் திறக்க மாட்டாங்க.

சிசெல்: ஒரே ஒரு வார்த்தை, ஹிலால்.

ஹிலால்: ஒரே ஒரு வார்த்தைதானே, நீங்களே மாத்திக்கலாமே. 'அரபு வளைகுடா'ன்னு போட்டுட்டா இப்பவே உள்ள போய் சாப்பிட உக்காந்துடலாம்.

சிசெல்: நார்வேயில அச்சடிக்கிற எல்லா வரைபடத்துலயும் 'பாரசீக வளைகுடா'தான். நான் பள்ளிக்கூடத்துல படிச்சதும் அதுதான். எங்க அமைச்சர் வேற பேர்ல கையெழுத்து போட்டுட்டு ஓஸ்லோவுல இறங்கினா, பத்திரிகைக்காரங்க விமானப் படிக்கட்டுலயே பிடிச்சு உலுக்கிடுவாங்க.

ஹிலால்: உங்களுக்கு ஒரு அமைச்சர். எங்க பக்கம் ஆறு வளைகுடா நாட்டு அமைச்சருங்க. ஆறு பேருக்கும் ஊர்ல பத்திரிகை இருக்கு.

சிசெல்: உங்க ஓமானுக்கு இதுல என்ன வந்துது? இதோ ஜன்னல்ல தெரியற கடலுக்கு உங்க நாட்டுப் பேரையே வெச்சிருக்காங்க.

ஹிலால்: அதனாலதான் பேச என்னை அனுப்பினாங்க. சொந்தக் கடல் இருக்கிறவன், அடுத்த கடலுக்காக அடிச்சுக்க மாட்டான்னு நெனச்சுட்டாங்க... காவா காபி ஆறிப்போகுது, குடிங்க.

சிசெல்: குடிச்சா உடனே ஊத்தறாங்க.

ஹிலால்: போதும்னா குவளையை ஆட்டணும். எத்தனை வருஷமா மஸ்கட்டுக்கு வர்றீங்க, இன்னும் ஆட்டத் தெரியலையே.

சிசெல்: தலையை ஆட்டத்தான் கத்துக்கிட்டேன். அதையும் இன்னைக்கு விடமாட்டேங்கறீங்க... சரி, யோசிச்சுப் பாருங்க. மருத்துவ விமானம் மேல போகுது. கீழ இருக்கிற தண்ணிக்கு என்ன பேரா இருந்தா அதுக்கு என்ன?

ஹிலால்: அப்போ தண்ணியை எதுக்கு எழுதினீங்க?

சிசெல்: எந்த வழியா வருதுன்னு எழுதச் சொல்லிக் கேட்டது உங்க ஆளுங்க.

ஹிலால்: கேட்டாங்கதான். கேட்டது பெரிய தப்பு.

சிசெல்: மீன் வியாபாரம் முடிஞ்சுது. மாணவர் விசா முடிஞ்சுது. எண்ணெய்கூட முடிஞ்சுது, ஹிலால். எண்ணெய். கடைசியில நெருப்புல வெந்த புள்ளைங்களுக்கு மருத்துவம் பாக்கற பத்தியில வந்து மாட்டிக்கிட்டோம்.

ஹிலால்: தெரியும்.

சிசெல்: தெரிஞ்சுமா...

ஹிலால்: தெரிஞ்சுதான். கோபப்படாதீங்க உம்மு எரிக்.

சிசெல்: என் மகன் பேரைச் சொல்லி அம்மான்னு கூப்பிட்டா நான் இறங்கி வந்துடுவேனா?

ஹிலால்: எங்க ஊர்ல அது மரியாதை. இறங்கி வந்தா அது கூடுதல் லாபம்... ஏன் அந்தப் போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?

சிசெல்: ஒண்ணுமில்லை. எரிக்குக்குப் பல்வலி.

ஹிலால்: கல்யாண வயசுப் பையனுக்கு பல்வலின்னா அம்மா காலையிலேருந்து போனைப் பாப்பாங்களா?

சிசெல்: நார்வேயில பாப்போம்.

ஹிலால்: நல்ல நாடு... வாங்க டாக்டர், வாங்க. இவங்கதான் சிசெல், நார்வே வெளியுறவுத் துறை. சிசெல், இது டாக்டர் அர்வா. ஏமன்ல ஸையூன் ஆஸ்பத்திரி. அந்தப் புள்ளைங்களைப் பாத்துக்கறது இவங்கதான்.

அர்வா: வணக்கம் மேடம். நான் இங்க வரலாமான்னு தெரியலை. உள்ள இருந்த காவலர், ரெண்டு பேரும் ரகசியம் பேசறாங்கன்னு சொன்னார்.

சிசெல்: ரகசியமெல்லாம் இல்லை. கடலுக்குப் பேரு வெச்சுக்கிட்டு இருக்கோம். உக்காருங்க.

அர்வா: இன்னும் அதே கடலா?

ஹிலால்: அதேதான். அல்வா எடுத்துக்குங்க டாக்டர். நம்ம பேச்சு கசந்தாலும் வாயாவது இனிக்கட்டும்.

அர்வா: வேண்டாம் அண்ணே... புள்ளைங்க நிலைமையை ஒருதரம் சொல்லிடறேன். சமையல் எரிவாயுக் கிடங்கு தீப்பிடிச்சது சந்தை நாள்ல. பெரியவங்களை எப்படியோ பாத்துக்கிட்டோம். புள்ளைங்களுக்குப் புதுசா தோல் வெச்சுத் தைக்கணும். அதுக்கு எங்ககிட்ட கருவி இல்லை, ஆளும் இல்லை. கட்டு மாத்தும்போது வலிக்கு மருந்தும் தீரப்போகுது.

சிசெல்: நார்வேயில பெர்கன் ஆஸ்பத்திரியில படுக்கையெல்லாம் தயாரா இருக்கு டாக்டர். நானே போய்ப் பாத்தேன்.

அர்வா: புஷ்ரான்னு ஒரு பொண்ணு. கட்டு மாத்தும்போது அழ மாட்டா. என்னைத் திட்டுவா. போன வாரம் வரைக்கும் நல்லாத் திட்டினா. இப்போ திட்டறதில்லை... அதான் எனக்குப் பயமா இருக்கு. நான் படிச்சது மருத்துவம். உங்க பேச்சுவார்த்தையில எனக்கு ஒண்ணும் புரியாது. ஆனா விமானம் எங்கேருந்து வருதுன்னு எழுதினாப் போதாதா? எந்தத் தண்ணியைத் தாண்டுதுன்னு எதுக்கு?

ஹிலால்: நார்வேயிலேருந்து வருதுன்னு எழுதினா, நடுவுல எந்த வழின்னு மறுபடியும் கேப்பாங்க டாக்டர்.

சிசெல்: இருங்க ஹிலால். திசையை எழுதினா?

ஹிலால்: திசையையா?

சிசெல்: 'வடக்கிலிருந்து வரும் மருத்துவ விமானம்.' கடல் இல்லை, குடா இல்லை, பேரே இல்லை.

ஹிலால்: வடக்கிலிருந்து...

சிசெல்: வடக்கு எங்களுதுன்னு யாராவது சண்டைக்கு வருவாங்களா?

ஹிலால்: இன்னும் வரலை. நீங்க அதிகமா விளம்பரம் பண்ணாதீங்க. இருங்க, உள்ள போய் ஆறு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.

அர்வா: ஒத்துக்குவாங்களா மேடம்?

சிசெல்: அவர் கேட்டா ஒத்துக்குவாங்க. வெளியில என்கிட்ட சண்டை போடுவார், உள்ள போய் எனக்காக சண்டை போடுவார். குவைத்துல ஒருதரம் அப்படித்தான் பண்ணினார். என்கிட்ட அதை இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்கலை.

அர்வா: எங்க ஊர்ல அந்த மாதிரி ஆளுக்குத்தான் பொண்ணு கொடுப்பாங்க.

சிசெல்: அவர் மனைவிகிட்ட சொல்றேன்... ஏன் டாக்டர் கண்ணு இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா?

அர்வா: ராத்திரியெல்லாம் வண்டியில வந்தேன். அதான்.

சிசெல்: ஸையூன்லேருந்து வண்டியிலயா? உங்களுக்கு விமானச் சீட்டு அனுப்பியிருந்தாங்களே.

அர்வா: அது... வேற ஒரு வேலை இருந்துச்சு. அதோ, வந்துட்டார்.

ஹிலால்: வடக்குக்கு ஜே போட்டுட்டாங்க.

சிசெல்: ஆறு பேருமா?

ஹிலால்: ஆறு பேரும். ஒருத்தர் 'வடமேற்கு'ன்னு மாத்தலாமான்னு கேட்டார். மத்தவங்க முறைச்ச முறைப்புல உக்காந்துட்டார்.

அர்வா: அல்ஹம்துலில்லாஹ்.

ஹிலால்: ஆனா ஒரு சின்ன விஷயம். பேரு மாறினதால ஒருத்தர் அவங்க தலைநகரத்துல கேட்டுட்டுத்தான் கையெழுத்து போடணுமாம். சாயங்காலம் ஆயிடும்.

அர்வா: சாயங்காலம் கையெழுத்து ஆனா, விமானம் எப்போ கிளம்பும் மேடம்?

ஹிலால்: சட்டப்படி கையெழுத்துக்கு அப்புறம்தான் கிளம்பணும். அப்படித்தானே சிசெல்?

சிசெல்: சட்டப்படி அப்படித்தான்.

ஹிலால்: என்ன, முகம் ஒரு மாதிரி போகுது? பல்வலி அதிகமாயிடுச்சா?

சிசெல்: ஹிலால், நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க எழுந்து போயிடலாம், நான் தடுக்க மாட்டேன். என் வேலையும் போகலாம்... விமானம் காலையிலேயே கிளம்பிடுச்சு.

ஹிலால்: எந்த விமானம்?

சிசெல்: அந்த விமானம்தான். டாக்டருங்க, கட்டில், மருந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு. எங்க அமைச்சருக்குத் தெரியாது. எப்படியும் மத்தியானத்துக்குள்ள கையெழுத்து ஆயிடும்னு நம்பி நானே கிளம்பச் சொல்லிட்டேன். இப்போ அனுமதியில்லாம உங்க வானத்துக்கு வரப்போகுது. திருப்பி அனுப்பிட்டா...

ஹிலால்: திருப்ப மாட்டாங்க.

சிசெல்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹிலால்: உங்க விமானி காலையில இறங்க அனுமதி கேட்டார். கேள்வி என் மேசைக்கு வந்துச்சு. கொடுத்துட்டேன்.

சிசெல்: காலையிலயா?

ஹிலால்: காவா குடிக்கறதுக்கு முன்னாடி. எங்க அமைச்சருக்கும் தெரியாது.

சிசெல்: அப்போ விமானம் வர்றது தெரிஞ்சும், இங்க உக்காந்து அரபு வளைகுடா அரபு வளைகுடான்னு என் உயிரை எடுத்தீங்களே.

ஹிலால்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நான் சட்டுன்னு விட்டுக் கொடுத்தா உள்ள இருக்கிறவங்களுக்கு சந்தேகம் வராதா? நீங்களும்தான் விமானத்தை அனுப்பிட்டு பாரசீகத்துல ஒட்டிக்கிட்டு இருந்தீங்க.

சிசெல்: எனக்கும் அதே பயம்தான்.

ஹிலால்: நல்ல ஜோடி. வேலை போனா சேர்ந்து ஒரு அல்வாக் கடை வெப்போம்... ஏன் டாக்டர் அழறீங்க? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. விமானம் மஸ்கட்ல இறங்கினதும் உங்க புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வர ஸையூனுக்கு எங்க விமானத்தை அனுப்பறேன். இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான்.

அர்வா: அனுப்ப வேண்டாம் அண்ணே. அந்த அனுமதியில மஸ்கட்டுங்கறதை மட்டும் அடிச்சுட்டு, எங்க எல்லையை ஒட்டி இருக்கிற உங்க சலாலான்னு மாத்திக் கொடுங்க... நேத்து ராத்திரியே புள்ளைங்களை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து, சலாலா ஆஸ்பத்திரியில விட்டுட்டுத்தான் காலை விமானத்துல இங்க வந்தேன். எல்லையில உங்க காவலர் உள்ள எட்டிப் பாத்தார். என்னைத் திட்டறதை விட்டிருந்த புஷ்ரா அவரைத் திட்டினா. அவர் ஒண்ணும் பேசாம கதவைத் திறந்து விட்டுட்டார்.