ஆள் மாறிய ஆணை

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, அறமும் சட்டமும் ஆய்ந்தறிந்த ஆன்றோர்களே, வேலை முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இனி எந்த நெருக்கடி நிலையிலும் உயிரையும் தனிமனித விடுதலையையும் காக்கும் உரிமையை எவரும் நிறுத்திவைக்க முடியாது. அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அதைப் பாராட்டிப் பேச அழைத்தீர்கள். பாராட்ட வந்தேன், நாவெல்லாம் கசக்கிறது.

சென்ற நெருக்கடி நிலையின் மூன்றாவது வாரம். என் சித்தப்பா மகளின் கணவர், மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவர். அடுத்த தெருவில் அவர் பெயரிலேயே ஒரு தொழிற்சங்கத் தலைவர். கைது ஆணை தலைவருக்கு, போலீஸ் அள்ளிக்கொண்டு போனது என் மைத்துனரை. கையிலிருந்த வில்லையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

தங்கை என் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். "அண்ணே, அவரு ஒரு கூட்டத்துக்குக்கூட போனதில்ல. நீங்க வந்து சொன்னா விட்டுருவாங்க." நானும் நம்பினேன். சட்டம் படித்தவன் அல்லவா?

சிறை அதிகாரியைப் பார்த்தேன். அவர் போட்டிருந்த கண்ணாடியே மைத்துனர் தேய்த்தது. "ஆள் மாறிப்போச்சுன்னு எனக்கும் தெரியும் சார். ஆணை இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாங்கள் நீதிமன்றம் போனோம்.

கைரேகை, கையெழுத்து, பிறந்த தேதி, அனைத்தையும் அடுக்கினேன். அரசு வழக்கறிஞர் மறுத்தாரா? மறுக்கவில்லை. "ஆள் தவறாகவே இருக்கட்டும். உரிமை நிறுத்தப்பட்ட காலத்தில் அதைக் கேட்கும் அதிகாரம் இந்த மன்றத்துக்கு இல்லை" என்றார். யார் பெயருக்கு வந்த ஆணை? யாரை விழுங்கிய கதவு? கேட்க ஒரு மன்றம் இல்லை, கேட்க ஒரு மனிதன் இல்லை, மனு தள்ளுபடி.

பதினாறு மாதம் கழித்து அவரை விடுவித்தார்கள். ஒரு வருத்தச் சொல் உண்டா? இல்லை. இன்றும் தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. தங்கை அருகில் போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறாள்.

கை தட்ட வேண்டாம் தம்பி. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் தங்கைக்கே நான் சொல்லாதது.

மனுவைத் தள்ளுவதற்கு முன் நீதிபதி என்னைப் பார்த்தார். "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். சொல்வதற்கு நெஞ்சு நிறைய இருந்தது. ஆனால் கடைசி வரிசையில் உளவுத்துறைக்காரர் ஒருவர் என் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தார். "ஒன்றுமில்லை" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

திருத்தம் நல்லது. அதை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் சட்டம் எழுந்து பேசாது. பேச வேண்டியவன் உட்கார்ந்துவிட்டால் எந்தத் திருத்தம் என்ன செய்யும்?

அன்று உட்கார்ந்தவன் பேச்சை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டீர்கள், நன்றி. உங்கள் முறை வரும்போது நின்று பேசுங்கள். வணக்கம்.